கேமராவும் அதன் தீனியும்: தமிழ்நாட்டு ஒளிப்பட ஆர்வலர்கள் கருவி வாங்கிய வரலாறு

கீழ்பென்னாத்தூர் திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர். கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையின் உச்சியில் ஏற்றப்படும் சுடர் சுற்றுவட்டாரத்து ஊர்கள் பலவற்றிலிருந்து தெரியும். மாலை மங்கும் வேளையில் மலையின் உருவமும் சுடரும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பது இன்று நடுத்தர விலையுள்ள கேமராவுக்குப் பெரிய காரியமில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன்பு அதே படத்தை எடுக்க விரும்பியவர் எந்தக் கேமரா வாங்குவது என்று மட்டும் யோசித்தால் போதாது. அதற்கான படச்சுருள் எங்கே கிடைக்கும், அந்தச் சுருளில் எத்தனை படம் எடுக்கலாம், எங்கே கழுவுவது, கெட்டுப்போனால் யார் சரிசெய்வார் என்பவற்றுக்கும் விடை தேட வேண்டியிருந்தது.

ஸ்டூடியோ வைத்திருப்பவர் கருவிக்குப் போட்ட பணத்தைத் தொழிலிலிருந்து மீட்டுக்கொள்வார். ஆர்வலரின் நிலை வேறு. அவர் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கருவி வாங்குபவர்; எடுக்கும் படத்திலிருந்து வருமானம் எதிர்பார்க்காதவர். ஆகவே ஆர்வலர் கையிலிருந்த கேமராவைப் பார்த்தால் அந்தக் காலத்தின் தட்பவெப்பம், அரசின் இறக்குமதிக் கொள்கை, குடும்பத்தின் வரவு செலவு ஆகிய மூன்றும் தெரியும். தமிழ்நாட்டில் கடந்த 170 ஆண்டுகளில் கேமராவின் தரத்தைவிட அதற்குத் தேவைப்படும் தீனியே பெரும்பாலும் தேர்வைத் தீர்மானித்தது.

மெழுகுத்தாளும் மாட்டு வண்டியும்

டாகேரின் ஒளிப்பட முறை 1839ஆம் ஆண்டு பாரிசில் அறிவிக்கப்பட்டது. 1850களில் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று மாகாணத் தலைநகரங்களிலும் ஒளிப்படச் சங்கங்கள் தோன்றின. சென்னையில் 1850ஆம் ஆண்டு கலைப் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் இம்முயற்சியில் முன்னின்றார். அந்தப் பள்ளியே இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. சங்கத்தில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் படை அதிகாரிகளும் அரசு அலுவலர்களும் ஆவர். கேமரா வைத்துக்கொள்ள அன்று பணமும் ஓய்வும் வேதியியல் அறிவும் தேவைப்பட்டன.

இவர்களுள் லின்னேயஸ் டிரைப் குறிப்பிடத்தக்கவர். சென்னைப் படையின் அதிகாரியான இவர் விடுப்பில் இங்கிலாந்து சென்றிருந்தபோது ஒளிப்படம் பழகினார். 1854ஆம் ஆண்டின் இறுதியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைத் தம் விருப்பத்தின் பேரில் படம் எடுத்தார். அப்படங்கள் 1855ஆம் ஆண்டு சென்னைக் கண்காட்சியில் பரிசு பெற்றன. அதன் பிறகே அரசு அவரைப் பயன்படுத்திக்கொண்டது. 1856ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்ட அவர், 1857 இறுதியிலும் 1858 தொடக்கத்திலும் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களில் படம் எடுத்தார்.

டிரைப்பின் கருவித் தேர்வு இன்றைய வாசகருக்கும் பயன்படும் பாடம். அக்காலத்தில் ஈரக் கொலோடியன் பூசிய கண்ணாடித் தட்டு மிகத் துல்லியமான படத்தைத் தந்தது. ஆனால் தட்டில் மருந்து பூசுவது, படம் எடுப்பது, கழுவுவது ஆகிய மூன்றையும் ஈரம் காய்வதற்குள் முடிக்க வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் அதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. டிரைப் பெரும்பாலும் மெழுகூட்டிய தாளையே எதிர்ப்படத்துக்குப் பயன்படுத்தினார். தாளை முன்கூட்டியே தயார் செய்து வைக்கலாம், எடை குறைவு, மாட்டு வண்டிப் பயணத்தில் உடையாது. கண்ணாடியின் துல்லியத்தில் ஒரு பங்கை இழந்து, பயணத்துக்கு ஏற்ற முறையை அவர் தேர்ந்தெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து இணைத்து, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே தொடர்படமாக ஆக்கியவரும் அவரே.

ஆயினும் இப்பணி நீடிக்கவில்லை. 1859ஆம் ஆண்டு ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் இதை அரசின் நிதிநிலைக்குப் பொருந்தாத ஆடம்பரம் என்று கருதி நிறுத்தினார். ஒளிப்படம் ஆடம்பரமா, தேவையா என்ற இந்தக் கேள்வி பின்னர் சுங்க வரி, இறக்குமதி உரிமம், விற்பனை வரி என்று பல வடிவங்களில் திரும்பத் திரும்ப வந்தது.

தட்டிலிருந்து சுருளுக்கு

1880களில் உலர் தட்டுகள் கடைகளில் கிடைக்கத் தொடங்கியதும் ஆர்வலர் தாமே மருந்து பூசும் வேலை நின்றது. 1888ஆம் ஆண்டு ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கேமராவை வெளியிட்டார். 100 படங்களுக்கான சுருள் அதனுள் இருந்தது. எடுத்து முடித்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். அமெரிக்காவில் எளிதான இந்த ஏற்பாடு கடல் கடந்த நாடுகளுக்கு ஒத்துவரவில்லை. 1900ஆம் ஆண்டு வெளிவந்த பிரவுனி பெட்டி கேமராவும், 1901இல் வந்த 120 வகைச் சுருளும்தான் உலகெங்கும் நடுத்தரக் குடும்பங்களைச் சென்றடைந்தன. 120 வகைச் சுருள் இன்றும் தயாரிக்கப்படுகிறது. 1925ஆம் ஆண்டு ஜெர்மனியில் லைக்கா, 1929இல் ரோலைஃபிளெக்ஸ் என்று கைக்கு அடக்கமான கேமராக்கள் வந்தன. லைக்கா திரைப்படத்துக்கான 35 மி.மீ. சுருளைப் பயன்படுத்தியது, ஒரு சுருளில் 36 படங்கள் எடுக்கலாம்.

ஸ்டூடியோக்கள் தொடர்ந்து பெரிய மரக் கேமராக்களையே நம்பியிருந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெளிநாட்டுக் கருவிகள் வருவது தடைப்பட்டபோது, அண்டை மாநிலமான கேரளத்தின் ஆலப்புழையில் வாகீஸ்வரி என்ற மரக் கேமரா உருவானது. இசைக்கருவிகளைப் பழுதுபார்த்துவந்த குடும்பம் ஒன்று, கேமராவின் மடிப்புத் துருத்தியைச் சரிசெய்யும் வேலையிலிருந்து கேமரா செய்யும் தொழிலுக்கு வந்தது. ஆர்மோனியத்தின் துருத்திக்கும் கேமராவின் துருத்திக்கும் வேண்டிய கைத்திறன் ஏறத்தாழ ஒன்றே. வாகீஸ்வரி கேமராக்கள் பல பத்தாண்டுகள் தென்னிந்திய ஸ்டூடியோக்களில் புழங்கின.

ரமணாசிரமத்துக்கு வந்த கேமராக்கள்

திருவண்ணாமலை வட்டாரத்தில் கேமராக்கள் அடிக்கடி வந்துபோன இடம் ரமணாசிரமம். ரமண மகரிஷியின் படங்களுள் மிகப் பரவலாக அறியப்பட்ட முகப்படத்தை பெங்களூரைச் சேர்ந்த ஸ்டூடியோக் கலைஞர் ஜி. ஜி. வெல்லிங் 1946ஆம் ஆண்டு எடுத்தார். 1949ஆம் ஆண்டு அமெரிக்காவின் லைஃப் இதழ் எலியட் எலிசோஃபோன் எடுத்த படங்களுடன் ஆசிரமத்தைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. 1950 ஏப்ரலில் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் தம் லைக்காவுடன் திருவண்ணாமலையில் இருந்தார். ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 8.47க்கு மகரிஷி மறைந்தபோதும் அவர் அவ்வூரிலேயே இருந்தார்.

இவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள். சில நாள்கள் தங்கி எடுத்துக்கொண்டு சென்றவர்கள். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் டி. என். கிருஷ்ணசாமி அப்படியல்ல. ஒளிப்படத்தில் ஈடுபாடு கொண்ட பக்தரான அவர் மீண்டும் மீண்டும் வந்து எடுத்த படங்கள் மகரிஷியைப் பற்றிய ஒளிப்படச் சேகரத்தின் முக்கியமான பகுதி. ஆர்வலரின் பலம் எங்கே இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. தொழில்முறைக் கலைஞரிடம் மேலான கருவி இருக்கலாம். திரும்பத் திரும்ப வருவதற்கான நேரமும் காரணமும் ஆர்வலரிடம் இருக்கும். அவ்வாறு திரும்ப வருவதற்குத் தொடர்ந்து படச்சுருள் வேண்டும். விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் சிக்கலானது அதுதான்.

இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம்

1947ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 1950களின் இறுதியில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியும் இந்தியக் கேமராச் சந்தையை மாற்றின. தொழிற்சாலை இயந்திரங்களுக்கே அந்நியச் செலாவணி போதாத நிலையில், கேமரா போன்ற நுகர்பொருள்களுக்கு உரிமம் கிடைப்பது அரிதாயிற்று. ஜப்பானில் 1959ஆம் ஆண்டு நிக்கான் எஃப் வெளிவந்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஆசிரியர் ஒருவர் உள்ளூர் கடையில் கேட்டு வாங்கக்கூடியதாக இருந்தது பெட்டி கேமரா மட்டுமே.

அந்த இடத்தை நிரப்பியது ஆக்ஃபா கிளிக் 3. ஜெர்மன் வடிவமைப்பைக் கொண்டு பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் இதைத் தயாரித்தது. 120 சுருளில் 6 செ.மீ. சதுரமாக 12 படங்கள் விழும். குவியத்தைத் திருப்பிச் சரிசெய்யும் வேலை இல்லை. நல்ல வெயிலில், சில அடி தள்ளி நிற்பவரைத் தெளிவாகப் பிடிக்கும். காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, புது மாட்டு வண்டி, கிணறு வெட்டிய நாள் என்று குடும்பங்களின் நினைவுகள் பல இத்தகைய பெட்டி கேமராக்களால் எடுக்கப்பட்டன. அதன் எல்லையும் தெளிவானது. அந்திக்குப் பின் அதற்கு வேலையில்லை. தீபத் திருநாளின் மாலை ஒளியில் மலையும் சுடரும் சேர்ந்து பதிய வேண்டுமானால், மூடியைத் திறந்தே வைத்திருக்க உதவும் ‘பி’ நிலை உள்ள கேமராவும் முக்காலியும் தேவை. இவை இரண்டும் இருந்தவர்கள் பெரும்பாலும் ஸ்டூடியோக்காரர்களே. சிற்றூர்களின் அக்காலப் படங்களில் பகல் வெளிச்சமே நிறைந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

பெட்டி கேமராவைத் தாண்டிப் போக விரும்பியவர்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் வேலை பார்த்த உறவினர் ஊருக்கு வரும்போது கொண்டுவருவது. இரண்டாவது, பழைய கேமரா வாங்குவது. அண்ணா சாலைக் கடைகளிலும் ஒளிப்படச் சங்க உறுப்பினர்களிடையேயும் யாஷிகா, ரோலைகார்ட் போன்றவை கைமாறின. மூன்றாவது, பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் மறுவாழ்வுக்காகச் சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் அருகே 1969ஆம் ஆண்டு உருவான இந்தக் கடைவீதி விரைவில் வெளிநாட்டுப் பொருள்களுக்குப் பெயர் பெற்றது. அங்கே வாங்கிய கேமராவுக்கு ரசீது கிடையாது, உத்தரவாதமும் கிடையாது. வாங்குபவர் மூடியைத் திறந்து, பொத்தானை அழுத்தி, லென்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தம் பொறுப்பில்தான் வாங்க வேண்டும். பழைய கருவி வாங்குவோர் இன்றும் செய்யும் சோதனைகள் இவையே.

ஊட்டியில் ஒரு படச்சுருள் தொழிற்சாலை

கேமராவுக்குத் தீனி போடும் சிக்கலுக்கு அரசு தேடிய விடை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இப்பொதுத்துறை நிறுவனம், பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் உதகமண்டலத்தில் தொழிற்சாலை அமைத்தது; 1967இல் உற்பத்தி தொடங்கியது. படச்சுருளின் மீது பூசப்படும் வெள்ளி உப்புக் கலவை வெப்பத்தாலும் தூசியாலும் கெடும். குளிர்ந்த, தூசி குறைந்த நீலகிரி அதனால் தேர்வானது. நிறுவனத்தின் வணிகப் பெயர் இந்து. நிலவைக் குறிக்கும் சொல் அது.

கறுப்பு-வெள்ளைச் சுருள், அச்சிடும் தாள், திரைப்படச் சுருள், எக்ஸ்ரே படலம் ஆகியவை அங்கிருந்து வந்தன. ஒளிப்பட ஆர்வலருக்கு இதனால் ஏற்பட்ட பயன் பெரிது. இறக்குமதிச் சுருளின் விலையை எண்ணிப் பொத்தானை அழுத்தத் தயங்கியவர், உள்நாட்டுச் சுருளில் தவறு செய்து பழக முடிந்தது. வீட்டுக் குளியலறையின் சன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, சிவப்பு விளக்கு போட்டு, தாமே படம் அச்சிடும் பழக்கம் பரவியதற்கு உள்நாட்டுத் தாளும் உதவியது.

1990களில் நிலைமை தலைகீழானது. 1991ஆம் ஆண்டின் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பிறகு வெளிநாட்டுச் சுருள்கள் தாராளமாக வந்தன. மக்கள் வண்ணப் படத்துக்கு மாறினர். ஊட்டித் தொழிற்சாலையின் பலமோ கறுப்பு-வெள்ளையில் இருந்தது. 1990களின் நடுவில் அது நலிவுற்ற நிறுவனங்களின் பட்டியலில் சேர்ந்தது. அடுத்து வந்த டிஜிட்டல் நுட்பம் மீட்சிக்கான வழியையும் அடைத்தது. 2014ஆம் ஆண்டு மத்திய அரசு ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் அளித்து நிறுவனத்தை மூடும் முடிவை எடுத்தது. ஆயிரக்கணக்கான நீலகிரிக் குடும்பங்களுக்கு வாழ்வளித்த தொழில் அத்துடன் முடிந்தது.

மா. கிருஷ்ணனின் சூப்பர் பாண்டரோசா

கட்டுப்பாட்டுக் காலத்தில் ஓர் ஆர்வலர் தம் கருவியை எப்படி அமைத்துக்கொள்ள முடியும் என்பதற்குச் சிறந்த சான்று மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர் இயற்கையியலாளர். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். 1970ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர். 1968இல் கிடைத்த நேரு நல்கையைக் கொண்டு தென்னிந்தியப் பாலூட்டிகளைப் பற்றிக் கள ஆய்வு செய்தார். முதுமலை, பெரியாறு முதலிய காடுகளில் யானைகளையும் காட்டெருதுகளையும் கறுப்பு-வெள்ளையில் படம் எடுத்தார்.

கிருஷ்ணனின் கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காதது. ஒரு நிறுவனத்தின் கேமரா உடலையும் வேறொரு நிறுவனத்தின் தொலைவு லென்சையும் தாமே செய்த இணைப்புகளால் பொருத்தி, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று விளையாட்டாகப் பெயர் சூட்டியிருந்தார். ‘கனமானது’ என்ற பொருள் அப்பெயரில் ஒலிக்கிறது. பார்ப்பவர்க்குச் சிரிப்பூட்டிய அக்கருவியின் பின்னே தெளிவான கணக்கு இருந்தது. அவருக்கு வேண்டியது விலங்கு தன் இயல்பான சூழலில், உறுப்புகள் தெளிவாகத் தெரியும்படி நிற்கும் ஆவணப் படம். அதற்கு வேண்டியது நல்ல லென்சும் பொறுமையும். கேமரா உடலில் கூடும் வசதிகள் அல்ல. புதிய கருவிகள் மீது அவருக்கு மயக்கம் இருந்ததில்லை. அவருடைய படங்களும் எழுத்துகளும் அடங்கிய ‘ஐ இன் தி ஜங்கிள்’ என்ற நூல் 2006ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் தொகுப்பில் பங்கேற்றவர்களுள் ஒருவர் தஞ்சையில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் டி. என். ஏ. பெருமாள்.

டிஜிட்டல் காலம்: மாறிய கணக்கு

1990களில் கோடாக் கேபி10 போன்ற எளிய 35 மி.மீ. கேமராக்கள் சிறுநகரங்களுக்கும் வந்தன. வண்ண லேப்கள் பெருகின. ஆனாலும் சுருள், கழுவுதல், அச்சு என ஒவ்வொரு படத்துக்கும் செலவு தொடர்ந்தது. 2003ஆம் ஆண்டு கேனான் 300டி, 2004இல் நிக்கான் டி70 ஆகிய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்கள் ஆர்வலர் எட்டக்கூடிய விலைக்கு வந்தபோது இந்தக் கணக்கு மாறியது. ஒரு படத்துக்கான செலவு ஏறத்தாழ இல்லாமல் போனது. கருவிக்கான செலவு முன்னைவிடப் பெரிதானது. 30 ஆண்டு உழைத்த கேமராக்களின் இடத்தில், சில ஆண்டுகளிலேயே பழையதாகத் தோன்றும் கேமராக்கள் வந்தன.

வரியின் செல்வாக்கும் தொடர்ந்தது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது டிஜிட்டல் கேமரா 28 விழுக்காடு என்ற உச்ச அடுக்கில் வைக்கப்பட்டது. 2018 டிசம்பரில் கூடிய மன்றம் அதை 18 விழுக்காடாகக் குறைத்தது. 2019 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1859இல் எழுந்த ஆடம்பரமா, தேவையா என்ற கேள்வியின் புதிய வடிவமே இது.

தட்பவெப்பத்தின் செல்வாக்கும் குறையவில்லை. டிரைப் வெயிலுக்கு அஞ்சிக் கண்ணாடியைத் தவிர்த்தார். இன்றைய ஆர்வலர் அஞ்ச வேண்டியது ஈரப்பதத்துக்கு. மழைக்காலத்தில் தோல் உறையிலோ துணிப் பையிலோ மூடிவைத்த லென்சில் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதும், லென்சை அவ்வப்போது வெளியே எடுத்துப் பயன்படுத்துவதும் செலவு குறைந்த பாதுகாப்பு. பழைய லென்ஸ் வாங்குவோர் அதன் வழியே கைவிளக்கைப் பாய்ச்சி, சிலந்தி வலை போன்ற இழைகள் உள்ளனவா என்று பார்ப்பதும் இதனால்தான்.

வரலாறு தரும் அளவுகோல்

கேமரா உடல் மாறிக்கொண்டே இருக்கும். லென்ஸ் நீண்ட நாள் நிற்கும். நிக்கான் 1959இல் அறிமுகப்படுத்திய எஃப் இணைப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. கேனானோ 1987ஆம் ஆண்டு தன் இணைப்பை முற்றிலும் மாற்றியதால் பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் தவித்தனர். இணைப்பு எது, அதற்கு எத்தனை வகை லென்ஸ் பழையதாகவும் புதியதாகவும் கிடைக்கும் என்று பார்த்து வாங்குவது அந்த அனுபவம் கற்றுத்தந்த பழக்கம். 2008க்குப் பின் வந்த கண்ணாடியற்ற கேமராக்களில் லென்சுக்கும் உணரிக்கும் இடையே உள்ள தொலைவு குறைவு. அதனால் சிறிய இணைப்பு வளையம் ஒன்றைக் கொண்டு 40, 50 ஆண்டுப் பழைய லென்சுகளையும் அவற்றில் பொருத்தலாம். கிருஷ்ணன் தம் கையால் செய்துகொண்டதை இன்று கடையில் வாங்கலாம்.

இந்த வரலாற்றில் நிலைத்த படங்களைத் தந்தவர்கள், என்ன எடுக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்தவர்கள். டிரைப்புக்குக் கல்வெட்டு, கிருஷ்ணசாமிக்கு ஒரு மனிதர், கிருஷ்ணனுக்கு யானை. கருவி அதற்குப் பின்னரே வந்தது. தீபத்தைப் படமெடுக்க விரும்பும் கீழ்பென்னாத்தூர் மாணவருக்கும் இதே வரிசை பொருந்தும். அந்தி வெளிச்சத்தில் அசையாமல் நிற்கும் மலைக்கு விலை கூடிய புதிய உடலைவிட உறுதியான முக்காலியும், தாமே வேகத்தை அமைத்துக்கொள்ள இடம்தரும் ஒரு பழைய கேமராவும் போதும். ஊரிலிருந்து சுடரைப் பெரிதாகக் காட்ட வேண்டுமானால் மிச்சப்படும் பணம் ஒரு தொலைவு லென்சுக்கு உதவும். மலைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர் அந்தப் படத்தை ஒவ்வோர் ஆண்டும் மீண்டும் முயன்று பார்க்கலாம். வெளியூரிலிருந்து எவ்வளவு உயர்ந்த கேமராவுடன் வருபவருக்கும் அந்த வாய்ப்பு எளிதில் அமைவதில்லை.